இடப்பக்கம் உட்காருபவர்

பிரிக்பீல்ட்ஸ்
9 ஜனவரி 1994

அன்புள்ள ரமணிக்கு,

நலம். நீயும் அப்பாவும் அம்மாவும் நலமாயிருக்கக் கந்தனை வேண்டுகிறேன்.

உன் அப்பா நேற்றுத் தொலைபேசியில் பேசினான். உனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசையாம். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். ஐம்பது வயதாகியும் என் தம்பி என்னைக் கேட்காமல் ஒரு நாற்காலி வாங்கமாட்டான். வளர்த்தவள் நான். உன்னோடும் பேசலாம் என்றால், நீ தொலைபேசியைத் தொடமாட்டாய் என்றான். சரி, எழுதுவோம். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களை வாரம் ஒரு கடிதம் எழுதவைத்தார்கள். எழுத்துப் பிழை இருந்தால் மறுபடி முழுவதும் எழுத வேண்டும்.

நான் 1951இல் லைசென்ஸ் எடுத்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் கார் ஓட்டிய முதல் பெண் நான்தான். ஒரே தேர்வு. உன் மாமா மூன்று முறை போனார். காலமாகிவிட்டவரைப் பற்றி அதை வெளியே சொல்வதில்லை. என் நிபந்தனை இது: நீ கற்றுக்கொள்ளலாம். ஆனால் தேர்வு ஒரு முறைதான். தவறினால் அதோடு சரி. அந்த டாக்டர் உன்னைப் பற்றி ஓர் ஆங்கிலச் சொல் சொன்னாராமே, அதை நான் எழுதமாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஊர் சிரிக்க நாம் இடம் கொடுக்கக்கூடாது.

மாதத்தின் முதல் ஞாயிறு அப்பாவோடு வா. அவன் வீட்டில் இருக்கட்டும், நாம் இருவரும் என் டட்சன் காரில் புடு பாசாருக்கு மீன் வாங்கப் போகலாம். என் வண்டியில் இடப்பக்கம் உட்காருபவர் சும்மா உட்காரக்கூடாது. சிக்னல் வரும்போது நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். கற்பவளுக்கு அது நல்ல பயிற்சி.

அன்புடன்,
மாமி
மீனலோசனி கந்தையா


கிளாங்
16 ஜனவரி 1994

மதிப்பிற்குரிய மாமிக்கு,

நீங்கள் நலம் என்று எழுதியிருந்தீர்கள். நான் முழு நலம் இல்லை. வியாழன் தலைவலி, வெள்ளி சரியாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா நலம், ஆனால் நான் கார் ஓட்டப்போவதை நினைத்துப் பயப்படுகிறார்.

அந்தச் சொல் ஆட்டிசம். தமிழில் ஐந்து எழுத்து. எழுதினேன், ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஆசை என்று அப்பா சொன்னது சரியல்ல. தேவை. சுங்கை பூலோவில் கன்னையா என்பவர் செடி நர்சரி வைத்திருக்கிறார். அங்கே இரண்டாயிரத்து முந்நூறு தொட்டிகளுக்குப் பெயரட்டை எழுத வேண்டும். ஒரு நாள் எழுதிக் காட்டினேன். ஒரு தவறும் இல்லை. அவர் அப்பாவிடம், "சார், எனக்கு இந்த மாதிரி ஆளுதான் வேணும். ஆகஸ்ட் வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன், எப்படியாவது வந்து சேரச் சொல்லுங்க" என்றார். கிளாங்கிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் மணி அடிக்கும்போது என் காதுக்குள் ஊசி ஏறுகிறது. இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கி வாந்தி எடுத்தேன். அப்பா ஆபீஸ் வேனில் போகிறார். அவர் கார் வீட்டில் நிற்கிறது.

உங்கள் நிபந்தனையை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நிறத்தை எப்போது சொல்ல வேண்டும்? விளக்கு தெரிந்ததுமா, கிட்டே போன பிறகா? ஒரு முறையா, மாறும்போதெல்லாமா?

இப்படிக்கு,
பா. ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
8 பிப்ரவரி 1994

அன்புள்ள ரமணிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே ஆகுக. அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

முந்தாநாள் நன்றாகச் செய்தாய். போக ஒன்பது, வர ஒன்பது சிக்னல்; ஒன்றையும் நீ விடவில்லை. "சிவப்பு, சிவப்பு, இன்னும் சிவப்பு, பச்சை" என்று நீ சொன்னது வானொலியில் செய்தி வாசிப்பது போலிருந்தது. உன் கேள்விக்குப் பதில்: விளக்கு தெரிந்ததும் சொல். மாறும்போதெல்லாம் சொல். யாராவது குறுக்கே வந்தால் அதையும் சொல். பச்சை என்று காதில் விழுந்த பிறகே வண்டி நகர வேண்டும். அது ஒழுங்கு.

ஒரு குறை. மீன் கடையில், "மாமி, இந்த மீனு வேணாம், கண்ணு கலங்கிப் போயிருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். கடைக்காரச் சீனர், "ஐயோ! இது மீன் டாக்டரா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். உண்மையானாலும் என் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். நான் அதை வாங்க இருந்தேன்.

அன்புடன்,
மாமி


கிளாங்
27 பிப்ரவரி 1994

மதிப்பிற்குரிய மாமிக்கு,

இந்த வாரம் வீட்டில் எல்லாரும் நலம்.

ஓட்டக் கற்றுத்தருபவர் பெயர் தம்புசாமி. இடப்பக்கம் உட்கார்ந்து இடைவிடாமல் பேசுகிறார். வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தேன்:

"எண்ணெய் அடிம்மா. அடி லா! எறும்பு மேல ஏறிடுமோன்னு பயமா? சிவப்பு, சிவப்பு, நில்லு. பச்சை, போ, போ, பின்னால லோரிக்காரன் மாமியா வீட்டு விருந்துக்குப் போறான், சோறு ஆறிடும்."

எண்ணெயை எப்படி அடிப்பது என்று கேட்டேன். மிதியை அழுத்துவதற்கு அப்படிச் சொல்வார்களாம். லோரிக்காரர் விருந்துக்குப் போகவில்லை, லோரியில் மணல் இருந்தது என்றேன். தம்புசாமி அங்கிள் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிச் சிரித்தார்.

உங்கள் வண்டியிலும் அவர் வண்டியிலும் விதி ஒன்றாக இருப்பது எனக்கு நிம்மதி. இடப்பக்கம் இருப்பவர் நிறம் சொல்வார். வலப்பக்கம் இருப்பவர் ஓட்டுவார். அதையும் சுவரில் ஒட்டிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் கடைசி மூன்று வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்துப் படித்தேன். ஏன் அப்படி?

மீனலோசனி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள் என்று அகராதியில் இருக்கிறது. மீனுக்கு இமை கிடையாது.

இப்படிக்கு,
பா. ரமணி


கிளாங்
5 ஏப்ரல் 1994

மதிப்பிற்குரிய மாமிக்கு,

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மற்றவர்கள் நலம். முந்தைய கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. மார்ச் ஞாயிறு அதைக் கேட்டேன், எழுதுகிறேன் என்றீர்கள்.

நேற்று முன்தினம் மூன்றாவது சிக்னலுக்குப் பிறகு எனக்குக் குரல் வரவில்லை. அதனால் நிறம் சொல்லவில்லை. நான்காவதில் பச்சைக்கு நின்றீர்கள். பின்னால் நான்கு வண்டிகள் ஹார்ன் அடித்தன. ஐந்தாவதில் சிவப்பு. நீங்கள் போனீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர் சறுக்கி நின்று, "ஏ கெழவி! கண்ண வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்றார். "ஒழுங்கில்லாத பயல்" என்றீர்கள். அவருக்குப் பச்சை. ஒழுங்கு தவறியவர் யார் என்று எனக்குத் தெளிவாகவில்லை.

இதை அப்பாவிடம் சொல்லலாமா? அவர் இன்னும் கேட்கவில்லை.

தேர்வு மே 17.

இப்படிக்கு,
பா. ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
12 ஏப்ரல் 1994

அன்புள்ள ரமணிக்கு,

நலம். தொண்டைக்கு மிளகுப் பால் குடி.

வெயில் கண்ணில் அடித்தது. அப்பாவிடம் சொல்லி அவன் மனத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. வரிகள் பற்றிக் கேட்டிருந்தாய், பேனா கசிகிறது. நீ எழுதிய விதியைப் பற்றி நேரில் பேசலாம். ஆனால் மே மாதம் வர வேண்டாம், தேர்வு வேலையைப் பார்.

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கண்ணாடி அலமாரியை இரண்டு முறை எடுத்து அடுக்கினேன். ஒரு கிளாஸ் உடைந்தது. வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். புழுக்கம் அதிகம்.

ஒரே தேர்வு என்பதை மறவாதே.

மாமி


கிளாங்
18 மே 1994

மதிப்பிற்குரிய மாமிக்கு,

நான் தவறிவிட்டேன்.

மேடு ஏறினேன். மூன்று திருப்பில் வண்டியைத் திருப்பினேன். இரண்டிலும் குறை இல்லை. பிறகு சாலைக்குப் போனோம். பரிசோதகர் இடப்பக்கம் உட்கார்ந்தார். சிக்னலில் சிவப்பு, நின்றேன். பச்சை விழுந்தது. அவர் சொல்லவில்லை. காத்திருந்தேன். மூன்று முறை பச்சை வந்து போனது. பின்னால் பதினொரு வண்டிகள். ஏன் போகவில்லை என்று மலாயில் கத்தினார். "வார்னா அப்பா?", அதாவது என்ன நிறம், என்று மலாயிலேயே கேட்டேன். அவர் சொன்னால்தானே நான் போக முடியும்? அவர் தாளில் ஏதோ எழுதினார்.

தம்புசாமி அங்கிள் அப்பாவிடம், "என்னா சார், பொண்ணுக்குக் கலரு தெரியாதுன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார். எனக்கு நிறம் தெரியும் என்றேன். விதியைச் சொன்னேன். "ஐயோ கடவுளே, நான் வாய் சும்மா இல்லாம கத்துனதெல்லாம் சட்டமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமியும் அதே விதிதான் சொன்னார் என்றேன். அப்பா நம்பவில்லை. உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைக் காட்டினேன். "அக்கா அப்படிச் சொல்லமாட்டாங்க. அது உன் பயிற்சிக்கு எழுதினது. நீதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட" என்றார். ஒரே தேர்வு என்று நீங்கள் சொன்னதால் இனி இல்லையாம். சுவரிலிருந்த தாள்களைக் கிழித்துவிட்டார்.

நான் சொல்வது உண்மை என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பா. ரமணி


கிளாங்
20 ஜூன் 1994

மதிப்பிற்குரிய மாமிக்கு,

முப்பத்து மூன்று நாளாகப் பதில் இல்லை. அஞ்சல் இரண்டு நாளில் வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் கேட்டு உறுதி செய்தேன்.

என்னைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அப்படியானால் தலையில்தான் குறை என்று அம்மாவின் அக்கா சொன்னார். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

கன்னையா அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், நானும் எவ்ளோ நாள் கையாலேயே எழுதிக்கிட்டு உக்கார்றது? வேற ஆளு பாக்கட்டா?" என்றார். ஆகஸ்ட் முடியப் பத்து வாரம் இருக்கிறது. நான் இரவும் பகலும் வீட்டைச் சுற்றி நடக்கிறேன். ஒரு சுற்று எண்பத்தாறு அடி.

உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "பச்சை என்று காதில் விழுந்த பிறகே வண்டி நகர வேண்டும். அது ஒழுங்கு." நான் அப்படியே செய்தேன். என் தவறு எது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

பா. ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூலை 1994

அன்புள்ள ரமணிக்கு,

இதை நான் சொல்ல எழுதுவது அடுத்த வீட்டு இராஜம்மா. பதினெட்டு வருடமாக அவளுக்கு வேலிக்கு இப்பால் நின்று தலையை மட்டும் அசைத்திருக்கிறேன். இன்று என் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் மேல் தவறு இல்லை.

சென்ற நவம்பரில் கண் டாக்டரைப் பார்த்தேன். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, மருந்து கிடையாது என்றார். எனக்கு ஓரம் தெரியும், நடு தெரியாது. எதை உற்றுப் பார்க்கிறேனோ அது மறைந்துபோகும். சிக்னலை நிமிர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் கஞ்சித் தண்ணீர்தான் இருக்கும். இனி வண்டியைத் தொடக்கூடாது என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். நானே ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

உனக்குப் பயிற்சி என்றது பொய். எனக்கு ஒரு ஜோடிக் கண் வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் நீ எழுதிய விதியைப் பூதக்கண்ணாடி வைத்து நான்கு நான்கு சொல்லாகப் படித்தேன். அது பிழை என்று அன்றே தெரியும். தேர்வில் யாரும் நிறம் சொல்லமாட்டார்கள், நீயே பார்த்துப் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதியிருந்தால், அப்படியானால் உங்கள் வண்டியில் மட்டும் ஏன் என்று நீ கேட்டிருப்பாய். நீ கேட்பாய் என்பதாலேயே எழுதவில்லை. மே மாதக் கடிதம் வந்ததிலிருந்து வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தேன். நேற்றுத்தான் உன் ஜூன் கடிதத்தை முழுவதும் படித்து முடித்தேன். உன் கண்ணைப் பரிசோதித்தார்களா? உன் தலையையா குறை சொன்னார்கள்?

நேற்று மாலையே உன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாம் சொன்னேன். "அக்கா, எம் பொண்ணப் பக்கத்துல வச்சுக்கிட்டா ஓட்டினீங்க?" என்றான். என் தம்பி என்னிடம் குரலை உயர்த்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நிபந்தனையை எடுத்துவிட்டேன். எத்தனை முறை வேண்டுமானாலும் தேர்வுக்குப் போ.

கண் விஷயம் அப்பாவுக்கு அப்பால் போக வேண்டாம்.

மாமி

பாப்பா, நான்தான் ராஜம்மா ஆன்டி. ஒங்க மாமி சொன்னத ஒரு எழுத்து விடாம எழுதிட்டேன். மூணு வாட்டி படிச்சுக் காட்டச் சொன்னாங்க. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து, ரெண்டு புள்ளி விட்டுட்டேன்னு ஏச்சு வேற. நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்.


கிளாங்
8 ஜூலை 1994

மதிப்பிற்குரிய மாமிக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தை இப்போது அறிவேன்.

அடுத்த தேர்வு ஆகஸ்ட் 9. அப்பா கன்னையாவிடம் பேசினார், காத்திருப்பார். அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கிழித்த தாள்களை ஒட்டித் தர முயன்றார். அந்த விதி பிழை என்பதால் வேண்டாம் என்றேன்.

கேள்விகள் மூன்று.

நான் பக்கத்தில் இருந்தபோது எனக்கு அடிபடலாம் என்று உங்களுக்குத் தெரியுமா?

நான் வராத ஞாயிறுகளில் யார் நிறம் சொன்னார்கள்?

கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது என்றீர்கள். யாராவது கேட்டால்? தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது. முயன்று பார்த்தேன், வரவில்லை.

பா. ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
13 ஜூலை 1994

அன்புள்ள ரமணிக்கு,

இராஜம்மா எழுதுகிறாள். நீ கேட்ட வரிசையில் பதில் சொல்கிறேன்.

தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் நீ கதவைத் திறந்து ஏறி உட்காரும்போது தெரியும்.

யாரும் சொல்லவில்லை. முன்னால் போகும் வண்டி நகர்ந்தால் நகர்வேன். முன்னால் வண்டி இல்லாவிட்டால் ஓரக்கண்ணால் தெரிவதை வைத்துக்கொண்டு போவேன். இரண்டு முறை யாரோ கத்தியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டால் சொல். தெரிந்தவர்களிடம் மட்டும் என்று முதலில் எழுதச் சொன்னேன், இப்போது அடிக்கச் சொல்லிவிட்டேன். அடித்த கோடு உனக்குத் தெரியும்.

உன் அப்பா வந்து சாவியையும் என் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு போனான். தேநீர் போட்டேன். நின்றபடியே போய்விட்டான். தேர்வுக்கு முந்தின நாள் சீக்கிரம் படு. பரிசோதகர் பேசாமல் இருப்பது கோபத்தால் அல்ல, அது அவர் வேலை.

மாமி


கிளாங்
10 ஆகஸ்ட் 1994

மதிப்பிற்குரிய மாமிக்கு,

எல்லாரும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் மறுபடி வலிக்கிறது.

நேற்று அதே பரிசோதகர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏறுவதற்கு முன்பே, கண் சரியாகிவிட்டதா என்று கேட்டார். அவர் கேட்டதால் சொன்னேன்: என் கண் எப்போதும் சரி, என் மாமியின் கண்தான் சரியில்லை, அவர் அதை மறைத்துவிட்டார். பரிசோதகர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். பெல்ட் போடச் சொன்னார். கன்னையா, தம்புசாமி அங்கிள், தபால் நிலைய அக்கா எல்லாரும் கேட்டார்கள். இதுவரை ஏழு பேர். எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். தம்புசாமி அங்கிள், "அந்தம்மா கண்ணு இல்லாம புடு வரைக்கும் ஓட்டுனாங்களா? நம்மள விடப் பெரிய டிரைவரு லா!" என்றார். அது பாராட்டு இல்லை என்று அப்பா விளக்கினார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செப்டம்பர் முதல் ஞாயிறு காலை எட்டு பத்துக்கு அப்பாவின் காரை நானே ஓட்டி வந்து உங்களைப் பாசாருக்குக் கூட்டிப்போகிறேன். கோபம் தீரும்வரை நீங்கள் பின் இருக்கை. முன்னால் இராஜம்மா ஆன்டி உட்காரட்டும்.

சாலையில் அதே சிக்னல். சிவப்பு. நின்றேன். பரிசோதகர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் யாரும் பேசவில்லை. விளக்கையே பார்த்தேன்.

பச்சை. போனேன்.

இப்படிக்கு,
பா. ரமணி